மோரல் (1982): நாலு பெண்கள், யாருக்கும் தண்டனை இல்லை

#1 நிழல்மேடை

பிலிப்பைன்ஸ் சினிமா என்றால் நம்ம பேச்சு லினோ ப்ரோக்காவில் ஆரம்பித்து அவரோடேயே முடிந்துவிடுகிறது. அதனால் இந்த இழை பெண் இயக்குநர் மரிலூ டயஸ்-அபயாவுக்கு. குறிப்பாக 'மோரல்' படத்துக்கு. 1982 டிசம்பரில் மெட்ரோ மணிலா திரைப்பட விழாவில் வந்தது. எழுதியவர் ரிக்கி லீ. ஒளிப்பதிவு செய்தவர் டயஸ்-அபயாவின் கணவர் மனோலோ அபயா.

அந்த வருஷம் விழாவில் சிறந்த படம் 'ஹிமாலா'. அதுவும் ரிக்கி லீ எழுதியதுதான்! வறண்ட ஊர், மாதாவைப் பார்த்ததாகச் சொல்லும் பெண், மேடை, கூட்டம், நாயகி நோரா ஔனோர். அந்தப் படத்தின் புகழ் பக்கத்திலேயே நின்ற 'மோரலை' இன்றுவரை மறைத்துக்கொண்டிருக்கிறது என்பது என் ஆதங்கம்.

கதையைக் கேட்டால் ஒன்றுமே இல்லை. பல்கலைக்கழகத்தில் பழகிய நாலு தோழிகள். ஜோயி (லோர்னா டொலென்டினோ) போதை, ஆண்கள் என்று அலைபவள், ஆனால் மனசு முழுக்க ஜெர்ரி என்ற போராளியிடம். அவனுக்கோ வேறு பெண் இருக்கிறாள். கேத்தி (ஜினா அலஹார்) பாடகியாக வேண்டும் என்று துடிப்பவள். குரல் சுமார், வெறி அபாரம். சில்வியாவின் (சாண்டி அண்டோலாங்) கணவன் ராபர்ட் அவளைப் பிரிந்து செல்ஸோ என்ற ஆணோடு வாழ்கிறான். அவளுக்கு இன்னும் அவன்மேல் ஆசை போகவில்லை. கடைசியாக மரிடெஸ் (அன்னா மரின்). கவிதை எழுதியவள், கல்யாணமாகி மாமியார் வீட்டுக் கூட்டத்துக்குள் பிள்ளைமேல் பிள்ளையாகப் பெற்றுக்கொண்டிருக்கிறாள்.

அந்தக் காலத்து அழுகைப் படங்களில் வழி தவறியதாகச் சொல்லப்படும் பெண் செத்துப்போக வேண்டும், இல்லை பைத்தியம் பிடிக்க வேண்டும், அதுவும் இல்லையென்றால் கோயிலில் முட்டி போட்டு அழ வேண்டும். இந்த நாலு பேரில் ஒருத்திக்கும் அந்த விதி இல்லை. கதை அவர்களைத் தண்டிக்கவே இல்லை. அந்த ஒரே காரணத்துக்காகவே இது டயஸ்-அபயாவின் மற்ற படங்களைவிட முன்னே நிற்கிறது என்கிறேன். மறுப்பவர்கள் வரலாம்.

#2 டூரிங்டாக்கீஸ்

நாலு தோழிகள், ஆளுக்கு ஒரு பிரச்சினை. ஆறரை மணி சீரியல் வாடை அடிக்குதே தலைவா. நம்பி உட்காரலாமா?

#3 கொட்டகைக்காரர்

மறுக்க நான் வந்துவிட்டேன் தம்பி.

'மோரல்' நல்ல படம், சரி. ஆனால் 1980இல் இதே டயஸ்-அபயா, ரிக்கி லீ ஜோடி எடுத்த 'ப்ரூட்டல்' பக்கத்தில் அதை வைக்க மாட்டேன். மோனிக்கா என்ற பெண் தன் கணவனையும் அவன் கூட்டாளிகள் இரண்டு பேரையும் கொன்றுவிட்டாள். பேச்சு நின்றுபோய் உட்கார்ந்திருக்கிறாள். மோனிக்காவாக வரும் எமி ஆஸ்ட்ரியா வாயே திறக்காமல் முகத்தை வைத்து ஆளை உலுக்கிவிடுவார். க்ளாரா என்ற பத்திரிகையாளர் (சாரோ சாண்டோஸ்) என்ன நடந்தது என்று அவள் அம்மாவை, தோழியைக் கேட்டுக் கேட்டுக் கதையைத் தோண்டுகிறார். தோண்டத் தோண்ட அந்தக் கொலைக்கு முன்னால் அவளுக்கு நடந்த கொடுமை வெளியே வருகிறது. 25 வயசுப் பெண் எடுத்த படம் அது. சிறந்த இயக்குநர் பரிசும் வாங்கினார்.

அதில் ஒரு கோபம் இருக்கிறது. 'மோரலில்' அந்தக் கோபம் எங்கே? எல்லாரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அறைக்குள் பேச்சு, படுக்கையில் பேச்சு, தொலைபேசியில் பேச்சு. மூன்றாவதாக 1983இல் வந்த 'கார்னல்' வேறு ரகம். 1930கள், கிராமம், மருமகள்மேல் கண் வைக்கும் மாமனார், ரத்தம். அந்த இரண்டும் இருபக்கமும் நெருப்பாக நிற்க, நடுவில் இது கொஞ்சம் ஆறின காப்பி என்பது என் கணக்கு.

#4 நிழல்மேடை

ஐயா, 'ப்ரூட்டல்' வலுவான படம் என்பதில் சண்டையே இல்லை. ஆனால் அதில் ஒரு வசதி இருக்கிறது பாருங்கள். கொலை நடந்துவிட்டது. பிணம் கிடக்கிறது. பார்ப்பவருக்கு 'ஏன்' என்று கேட்க ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. மோனிக்கா கத்தியை எடுத்த பிறகுதான் பத்திரிகையும் சமூகமும் அவள் பக்கம் திரும்பிப் பார்க்கின்றன.

மரிடெஸ் யாரையும் கொல்லவில்லை. அவள் கணவன் டோடோ வில்லனும் இல்லை. குடித்துவிட்டு அடிப்பவனாக அவனைக் காட்டியிருந்தால் இயக்குநருக்கு வேலை சுலபம். அவன் தன் அம்மா வீட்டில், தன் ஆட்கள் நடுவே, மனைவி என்பவள் இப்படித்தான் இருப்பாள் என்று சந்தேகமே இல்லாமல் வாழ்பவன். அவள் வேண்டாம் என்ற ராத்திரியிலும் அது அவனுக்கு உரிமைதான். இதை எந்தப் பத்திரிகை வந்து தோண்டும்?

பேச்சு அதிகம் என்று சொன்னது நிஜம். ஆனால் யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் பெண் பெண்ணிடம்.

#5 வக்கீலம்மா

மரிடெஸ் பற்றி வந்ததால் சொல்கிறேன். படம் பார்த்த கையோடு அந்த நாட்டுச் சட்டத்தைக் கொஞ்சம் படித்தேன், தொழில் புத்தி.

1982இல் அங்கே நடப்பில் இருந்தது 1950ஆம் வருஷத்து சிவில் கோடு. குடும்பம் எங்கே குடியிருக்க வேண்டும் என்று முடிவு செய்பவன் கணவன் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. மனைவி வேலைக்குப் போகலாம், ஆனால் அவன் வருமானம் போதுமானது, அவன் சொல்லும் காரணம் வலுவானது என்றால் அவன் தடுக்கலாம். ஆக, மரிடெஸ் மாமியார் வீட்டில் மாட்டிக்கொண்டது அவள் தலையெழுத்து இல்லை. எழுதி வைத்த சட்டம்.

விவாகரத்து கிடையாது. அமெரிக்கர் ஆட்சியில் 1917இல் வந்த ஒரு விவாகரத்துச் சட்டம் இருந்தது, 1950 சிவில் கோடு வந்ததும் அது போயிற்று. முஸ்லிம்களுக்கு மட்டும் 1977இல் தனிச் சட்டம். மற்றவர்களுக்குச் சட்டப்படி பிரிந்து வாழலாம், மறுமணம் முடியாது. அதற்கும் காரணம் காட்ட வேண்டும்: மனைவி தவறினால் ஒரே ஒரு தடவை போதும், குற்றம். கணவன் தவறினால் அவன் இன்னொரு பெண்ணை வீட்டிலேயே வைத்திருக்க வேண்டும், அல்லது ஊர் சிரிக்கிற மாதிரி நடந்துகொள்ள வேண்டும், அல்லது வேறிடத்தில் அவளோடு குடித்தனம் நடத்த வேண்டும். தண்டனையும் அவனுக்குக் குறைவு. இந்த இரண்டு பிரிவும் இன்றைக்கும் அந்தத் தண்டனைச் சட்டத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன.

இப்போது சில்வியாவைப் பாருங்கள். சட்டம் சொல்வது 'மனைவி அல்லாத ஒரு பெண்' என்று. ராபர்ட் போனது ஆணிடம். கண்ணைத் திறந்துகொண்டு படித்தால் அவளுக்கு எந்தப் பிரிவும் பொருந்தாது. 1987இல் குடும்பச் சட்டத்தைத் திருத்தி எழுதியபோதுதான் ஓரினச்சேர்க்கையையும் பிரிந்து வாழ ஒரு காரணமாகச் சேர்த்தார்கள். அதை முன்னேற்றம் என்பதா, அவமானம் என்பதா என்று எனக்கு இன்னும் குழப்பம்.

கணவன் செய்தாலும் வன்புணர்ச்சி வன்புணர்ச்சிதான் என்ற நிலை 1997 சட்டத்தோடு வந்தது. அதிலும் மனைவி மன்னித்துவிட்டால் வழக்கு போச்சு என்று ஒரு வரி உண்டு. 2014இல் உச்ச நீதிமன்றம் ஒரு கணவனுக்கான தண்டனையை உறுதி செய்து விரிவாகத் தீர்ப்பு எழுதியது. மரிடெஸ் திரையில் வேண்டாம் என்று சொன்னதற்கு 32 வருஷம் கழித்து.

கொட்டகைக்காரர் அண்ணா, கோபம் எங்கே என்று கேட்டீர்களே. எனக்கு அந்தப் படுக்கையறைக் காட்சியில் போதுமான அளவு கிடைத்தது.

#6 மஞ்சள்குடை

அக்கா சொன்னதை வாசித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் சிங்கப்பூரில் நர்ஸ். என் வார்டில் பாதிப் பேர் பிலிப்பினோ. அதில் ஒருத்தர் கணவனைப் பிரிந்து வருஷக்கணக்காகிறது. அவன் ஊரில் வேறு குடும்பம், வேறு பிள்ளைகள். இவர் இன்னும் பாஸ்போர்ட்டில் அவன் பெயரோடுதான் இருக்கிறார். திருமணத்தை ரத்து செய்ய வழக்குப் போடலாம், வக்கீல் ஃபீஸ் கேட்டதும் விட்டுவிட்டாராம். "அந்தக் காசில் தங்கச்சியை காலேஜ் படிக்க வைப்பேன்" என்றார்.

2024 மே மாதம் அவர்கள் கீழவையில் விவாகரத்து மசோதா நிறைவேறிய அன்றைக்கு நைட் ஷிஃப்டில் எல்லாரும் போனில் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் மேலவையில் நின்றுபோச்சு.

'மோரல்' பெயரைச் சொன்னேன். இவருக்குத் தெரியவில்லை. ஆனால் லோர்னா டொலென்டினோ என்றதும் "அய்யோ, என் அம்மாவின் ஹீரோயின்!" என்று கத்திவிட்டார். பேஷன்ட் எழுந்துவிட்டார்.

#7 டூரிங்டாக்கீஸ்

பேஷன்ட்டுக்கு ஒண்ணும் ஆகலையே? 😄

சரி, படத்தை எடுத்து வெச்சிட்டேன். வீக்எண்ட் பார்த்துட்டு வர்றேன்.

#8 யாழிசை

நான் ஜோயியைப் பற்றிக் கொஞ்சம் கதைக்கலாமோ? எல்லாரும் அவாவைப் போதை, ஆம்பிளையள் எண்டு ஒரு வரியிலை முடிச்சுப்போட்டீங்கள்.

எனக்கு இந்தப் படத்திலை ஆகப் பிடிச்ச துணிச்சல், ஜெர்ரியை எழுதின விதம். இராணுவச் சட்டம் 1972இலை வந்து 1981 தையிலை பேருக்கு எடுபட்டது. சனாதிபதி மார்க்கோஸ் அப்பவும் கதிரையிலைதான். அந்த நேரத்திலை ஆட்சியை எதிர்த்து மலைக்குப் போற பெடியன் எண்டால் கதையிலை அவன்தானே நாயகன்? எழுதின ரிக்கி லீயே 1974இலை பிடிபட்டு ஒரு வருசமளவிலை உள்ளுக்கை இருந்தவர். அவருக்கு இயக்கத்தைக் குறை சொல்ல வேண்டிய தேவை இல்லை. ஆனாலும் ஜெர்ரியை அவர் பீடத்திலை ஏத்தேல்லை. ஊருக்கு விடுதலை வேணும் எண்டு போறவனுக்கு, தன்னைச் சுத்தி நிக்கிற ரெண்டு பொம்பிளையளும் என்ன பாடுபடுகினம் எண்டு தெரியாது. தெரிஞ்சுகொள்ள நேரமும் இல்லை. எங்கட பக்கத்திலையும் போனவங்களுக்காகக் காத்திருந்த பெட்டையளை எனக்குத் தெரியும், அதாலை இந்தப் பகுதி நெஞ்சிலை குத்தினது.

இன்னொண்டு. அந்த நாட்டிலை பெண்கள் இயக்கம் எண்டது அதுக்கு முதலே இருந்தது. மக்கிபாக்கா எண்டு 1970இலை லொரெனா பாரோஸ் தொடங்கினவா, அழகிப் போட்டிக்கு எதிராய் மறியல் செய்தவை. இராணுவச் சட்டம் வந்தாப்பிறகு அவா தலைமறைவாய்ப் போய் 1976இலை சுட்டுக் கொல்லப்பட்டவா. கப்ரியேலா எண்ட கூட்டமைப்பு 1984இலைதான் வந்தது. 'மோரல்' இந்த ரெண்டுக்கும் இடையிலை வந்த படம். சங்கமும் இல்லை, கொடியும் இல்லை. நாலு சிநேகிதியள் மட்டும்தான். அதை அரசியல் இல்லாத படம் எண்டு ஆரும் சொன்னால் நான் சண்டைக்கு வருவன்.

#9 கொட்டகைக்காரர்

சண்டைக்கு வர வேண்டாம் தங்கச்சி, ஜெர்ரி விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். வக்கீலம்மா சொன்ன மரிடெஸ் விஷயத்தையும் மறுக்கவில்லை.

என் சங்கடம் கேத்தி. மேலே வரத் துடிக்கும் பெண் என்றால் படுக்கை வழியாகத்தான் வருவாள் என்று எந்த ஊரிலும் டீக்கடையில் பேசுவார்கள். அதையேதான் பெண்ணியப் படமும் காட்டுமா? அதுவும் அவளுக்குத் திறமை இல்லை என்று வேறு சொல்லிவிடுகிறார்கள். இதைப் பார்த்துவிட்டு வெளியே வரும் ஆண், தான் நினைத்தது சரிதான் என்று தலையாட்டிக்கொண்டு போவான். இதற்குப் பதில் சொல்லுங்கள்.

#10 வக்கீலம்மா

நியாயமான கேள்வி. இதில் நானும் பாதி உங்கள் பக்கம்தான் அண்ணா. ஜினா அலஹார் நடித்ததால் தப்பித்த பாத்திரம் அது. வேறு யாராவது செய்திருந்தால் கேலிச்சித்திரமாகியிருக்கும்.

#11 நிழல்மேடை

நான் முழுசாக மறுக்கிறேன்.

கேத்திக்கு நல்ல குரல் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 'பாவம், இவ்வளவு திறமை இருந்தும் இந்த ஆண்கள் சீரழித்துவிட்டார்கள்' என்று நாம் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டு நிம்மதியாகியிருப்போம். திறமை உள்ள பெண்ணுக்கு மட்டும் நியாயம் கேட்பது சுலபம். சுமாரான குரலோடு மேடை ஏறும் ஆண்கள் எத்தனை பேர், அவர்களை யாராவது ஒழுக்கம் பேசிக் கேள்வி கேட்டார்களா? படம் கேத்தியை நல்லவள் என்று சொல்லவில்லை. அவள் ஆசைப்படுவதை மட்டும் கேவலப்படுத்த மறுக்கிறது. தோழிகள் அவளைக் கிண்டல் செய்கிறார்கள், திட்டுகிறார்கள், ஆனால் அவளை வெளியே தள்ளுவதில்லை.

அந்தத் தொழிலின் நிலையையும் யோசியுங்கள். சினிமாவும் பாட்டும் அப்போது ஆட்சியின் அலங்காரம். மணிலாவில் சர்வதேசத் திரைப்பட விழா நடத்தவென்று அவசர அவசரமாக ஃபிலிம் சென்டர் கட்டினார்கள், 1981 நவம்பரில் சாரம் சரிந்து தொழிலாளர்கள் புதைந்தார்கள், ஆனாலும் 1982 ஜனவரியில் விழா நடந்தது. அப்படிப்பட்ட ஊரில் மேடையேறத் துடிக்கும் பெண்ணிடம் மட்டும் கை சுத்தமா என்று கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

#12 கொட்டகைக்காரர்

வாதம் நன்றாக இருக்கிறது. படத்தில் அது இருக்கிறதா, அல்லது நீங்கள் கொண்டுபோய் வைக்கிறீர்களா என்பதுதான் என் சந்தேகம். போகட்டும்.

#13 நெறியாளர்

நம்ம ஊர்ப் படங்களோடு ஒப்பிட்டு இரண்டு பதிவுகள் வந்தன, தனி இழைக்கு நகர்த்தியிருக்கிறேன். இங்கே மணிலாவிலேயே இருப்போம்.

#14 டூரிங்டாக்கீஸ்

பார்த்துட்டேன். சீரியல்னு சொன்ன வாயை நானே மூடிக்கிறேன்.

நீங்க எல்லாரும் சட்டம், இயக்கம்னு பெருசா பேசிட்டீங்க, எனக்குப் பிடிச்சது சில்வியாவும் செல்ஸோவும். புருஷனோட காதலன். நியாயமா முகத்துலயே முழிக்கக் கூடாது. முதல்ல ரெண்டு பேரும் அப்படித்தான் விறைச்சுக்கிட்டு இருக்காங்க. ஆனா போகப் போக, ராபர்ட்டைப் பத்தி முழுசாத் தெரிஞ்ச ஒரே ஆள் இன்னொருத்தர்தான்னு ரெண்டு பேருக்கும் புரிஞ்சுடுது. ரெண்டு பேரையும் படுத்துறது ஒரே ஆசாமிதானே! அங்கேருந்து அவங்க ஃப்ரெண்ட்ஸ். லிட்டோ பிமென்டெல் அந்த செல்ஸோவை நெளிஞ்சு குழைஞ்சு சிரிப்பு காட்டுற ஆளா பண்ணியிருந்தா 1982 தியேட்டர்ல விசில் பறந்திருக்கும். மனுஷன் சாதாரணமா நடிச்சிருக்கார். 

எங்க அப்பாவும் பக்கத்துல உட்கார்ந்து பார்த்தார். கடைசில அவர் கேட்டது: "அந்தப் பொண்ணு எதுக்கு அவன்கிட்ட கோபப்படவே மாட்டேங்குது?" நான் பதில் சொல்லலை. யாராச்சும் சொல்லுங்க.

#15 மஞ்சள்குடை

கோபப்பட்டு என்ன தம்பி ஆகப்போகிறது? அவன் பொய் சொல்லி ஏமாற்றிக்கொண்டு கூடவே இருக்கவில்லை. சில்வியாவுக்கு வலி இருக்கிறது, எதிரி இல்லை. அப்பாவிடம் அப்படிச் சொல்லுங்கள்.

எனக்கு ஒட்டவே ஒட்டாத இடம் ஜோயியின் அம்மா மேகி. மகளோடு பேசும் இடங்களில் அம்மா மாதிரியே தெரியவில்லை, அக்கா மாதிரி இருக்கிறார்.

#16 நிழல்மேடை

மேகியாக வருவது லாரிஸ் கில்லன். லோர்னாவைவிட 14 வயசுதான் மூத்தவர், அதனால் உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. ஆனால் எனக்கு அது படத்துக்குப் பலமாகவே தெரிகிறது. மகளிடம் தியாகத் தாயாக நடிக்க மேகி மறுக்கிறார். தனக்கும் ஆசைகள், ஆண்கள், தனி வாழ்க்கை உண்டு என்கிறார். ஜோயி அம்மாவை வெறுப்பதும் அதற்காகத்தான், அச்சு அசலாக அம்மா மாதிரியே இருப்பதும் அதில்தான்.

இன்னொரு சுவாரசியம்: லாரிஸ் கில்லன் தானே பெரிய இயக்குநர். 1981இல் 'சலோமே' எடுத்தார். அதையும் எழுதியவர் ரிக்கி லீ, நாயகி ஜினா அலஹார். அதாவது 'மோரல்' படப்பிடிப்பில் கேமராவுக்குப் பின்னால் ஒரு பெண் இயக்குநர், முன்னால் இன்னொரு பெண் இயக்குநர். இவர்களுக்கு முன்னால் 1976இல் 'மின்சாய் இசாங் கமு-கமோ' எடுத்த லுபிட்டா அக்கினோ இருந்தார். எதிர்க்கட்சித் தலைவர் நினோய் அக்கினோவின் தங்கை. ஆண்கள் கையில் இருந்த தொழிலில் டயஸ்-அபயா, கில்லன் இருவருக்கும் பொதுவாக வாய்த்தது எழுத்தாளர் ரிக்கி லீ என்றும் சொல்லலாம். ஆண் எழுதிய பெண்ணியமா என்று யாராவது கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்: கேட்கலாம், ஆனால் டயஸ்-அபயா இல்லாமல் அவர் எழுதியதில் இந்த நிதானம் எனக்குக் கிடைக்கவில்லை.

#17 யாழிசை

நிழல்மேடை, கடைசி வரிக்கு நான் உடன்பாடில்லை, 'ஹிமாலா'விலை நிதானம் இல்லையோ? அந்தப் பாலைவெளியை மறந்திட்டீங்கள் போலை. அது நிற்க.

2022இலை மூண்டு பேருக்கும் ஒரே முறையிலை தேசியக் கலைஞர் பட்டம் குடுத்தவை: டயஸ்-அபயா, ரிக்கி லீ, நோரா ஔனோர். டயஸ்-அபயா 2012இலையே மார்பகப் புற்றுநோயாலை போயிட்டா, 57 வயசு. 'ஹோசே ரிசால்' (1998), 'முரோ-அமி' (1999) எண்டு பெரிய படங்களாலைதான் ஊரிலை அவாவைத் தெரியும். பள்ளிக்கூடப் பிள்ளையள் ரிசால் படத்தைப் பார்க்குதுகள், 'மோரலை' ஆர் காட்டுவினம்?

#18 வக்கீலம்மா

இதே தோழிகளின் பிற்கால வாழ்க்கை என்று 2003இல் அவரே ஒரு படம் எடுத்தாரே, 'நூன் அட் நாயோன்'. டீனா பொனவி, யூலா வால்டெஸ் எல்லாம் நடித்தது. யாராவது பார்த்தீர்களா? பழைய நால்வர் இல்லாமல் ஏன் எடுத்தார் என்று எனக்கு ஆரம்பத்திலேயே ஒட்டவில்லை, பாதியில் நிறுத்திவிட்டேன்.

#19 கொட்டகைக்காரர்

முழுக்கப் பார்த்தேன். நிறுத்தியது நல்லது.

டூரிங்டாக்கீஸ் தம்பி, அடுத்து 'ப்ரூட்டல்' பாருங்கள், அப்புறம் 'கார்னல்'. ஏபிஎஸ்-சிபிஎன் டிவி நிறுவனம் சுத்தம் செய்து வெளியிட்ட பிரதியாகப் பார்த்து எடுங்கள். பழைய டிவி பதிவில் ராத்திரிக் காட்சி எல்லாம் ஒரே கருப்பு, யார் யாரை அடிக்கிறார்கள் என்றே தெரியாது. அப்பாவோடு 'கார்னல்' வேண்டாம்.

#20 டூரிங்டாக்கீஸ்

ஏன், 'கார்னல்'ல அப்படி என்ன?

#21 கொட்டகைக்காரர்

மாமனார் கதை என்று மேலே #3இல் சொன்னேனே. படிக்காமலே லைக் போட்டீர்களா?